நம் பிள்ளைகள் மருத்துவ உளவியலாளர் ஆக எத்தனை படி ஏற வேண்டும்?

அந்தப் பையனுக்கு வயது 11. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன். அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. ஓர் அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவில், டாக்டருக்கும் தன் தாய்க்கும் நடுவில் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அன்று அவனுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை.

அந்தத் தாய் எங்கள் அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது பட்டணத்துக்கு வந்தவர். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு எரிகிறது என்று கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கி, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர். காரில் ஏற்றிக்கொண்டு போனது நான்தான். வண்டியை நிறுத்த இடம் தேடிவிட்டு நான் அறைக்குள் நுழைந்தபோது பேச்சு பாதியில் இருந்தது.

டாக்டர் மலாயில் கேட்டார். பையன் தமிழில் கேட்டான். தாய் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "செத்துப் போயிடலாம்னு இருக்குப்பா. உன்னை நெனச்சுத்தான் உசுர வச்சிருக்கேன்."

பையன் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு டாக்டரைப் பார்த்து, "மாக் பெனாட்" என்றான். அம்மா களைப்பாக இருக்கிறார் என்று பொருள்.

நான் குறுக்கிட்டு உள்ளதைச் சொன்னேன். டாக்டர் நல்ல மனிதர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் கேட்டார். அவர் மீது குற்றமில்லை. பையன் மீதும் குற்றமில்லை. எந்தப் பிள்ளையால் அந்தச் சொல்லை இன்னொரு மொழியில் வாய்விட்டுச் சொல்ல முடியும்? ஆனால் நான் அன்று அந்த அறைக்குள் வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

வெளியே வரும்போது தாதியிடம் கேட்டேன், தமிழில் உட்கார்ந்து பேசிக் குணப்படுத்துகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று. இங்கே இல்லை என்று தலையசைத்தார். ஏன் இல்லை? நம்மில் படித்தவர்கள் இல்லையா? நம் பிள்ளைகளுக்கு மூளை இல்லையா? இந்தக் கட்டுரை அந்த 'ஏன்' பற்றியது.

யார் எந்த வேலையைச் செய்கிறார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் வீடுகளில் மனநலம் பார்க்கிற எல்லாரையும் 'மெண்டல் டாக்டர்' என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக மாற்றி வைத்திருக்கிறோம். அங்கே 1911ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களுக்கு உதவிய இடம். ஆனால் பிள்ளைகள் சண்டையில் "உன்னை ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பதுதான் நமக்குத் தெரிந்த மனநலக் கல்வி.

உண்மையில் இதில் மூன்று வெவ்வேறு தொழில்கள் உள்ளன.

மனநல மருத்துவர் என்பவர் முதலில் மருத்துவப் படிப்பு முடித்து டாக்டர் ஆனவர். அதன்பின் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதிக் கொடுப்பவர் இவர்தான்.

பதிவுபெற்ற கவுன்சலர் என்பவர் ஆலோசனைத் துறையில் பட்டம் பெற்று, 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டத்தின் கீழ் வாரியத்தில் பதிவு செய்தவர். குடும்பச் சிக்கல், படிப்பு, வேலை, துக்கம் போன்றவற்றில் பேசி வழிகாட்டுபவர்.

மருத்துவ உளவியலாளர் என்பவர் மூன்றாமவர். ஆங்கிலத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பார்கள். இவர் மருந்து எழுதுவதில்லை. சோதனைகள் வைத்து ஒருவரின் சிக்கல் என்ன, எங்கிருந்து வருகிறது என்று கண்டறிகிறார். மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சியின் பாதிப்பு, குழந்தைகளின் கற்றல் குறைபாடு, ஆட்டிசம் போன்றவற்றை மதிப்பிடுகிறார். வாரம் ஒருமுறை, மாதக்கணக்கில், உட்கார்ந்து பேசி, பயிற்சி கொடுத்துச் சிகிச்சை அளிக்கிறார். இவருடைய கருவியே பேச்சுதான். மொழிதான்.

அதனால்தான் மொழிப் பிரச்சினை இவரிடம் வரும்போது உயிர்ப் பிரச்சினை ஆகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் வாசலில் 'சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது. 2016ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தை இயற்றியது. அது 774ஆம் சட்டம். இயன்முறை சிகிச்சையாளர், பேச்சு சிகிச்சையாளர், உணவியல் நிபுணர் எனப் பட்டியலிடப்பட்ட 23 தொழில்களில் மருத்துவ உளவியலாளரும் ஒருவர். 2020ஆம் ஆண்டில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது இந்தப் பெயரில் தொழில் செய்ய வேண்டுமானால் அதற்குரிய மன்றத்தில் பதிவும் தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். இல்லாமல் செய்தால் குற்றம்.

இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஏமாற்றுக்காரர்களிடம் முதலில் சிக்குவது ஏழைகள்தாம். போலிச் சான்றிதழ்காரரிடமும், "தோஷம் கழிக்க" ஆயிரக்கணக்கில் கறக்கிறவரிடமும் நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கதவுக்குக் காவல் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கதவு வரை போகிற பாதையில் யார் நடக்க முடிகிறது, யார் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்? நம் கேள்வி அதுதான்.

படிகளை எண்ணுவோம்

எஸ்பிஎம் முதல் படி. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையென்றால் சான்றிதழே கிடையாது. கணிதத்தில் கிரெடிட் வாங்குவது மிக முக்கியம். ஏனென்றால் உளவியல் என்றால் கதை பேசும் பாடம் என்று நினைப்பது தவறு. பட்டப்படிப்பில் புள்ளியியல் துரத்தித் துரத்தி வரும். அதேநேரம் பல பெற்றோருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். மருத்துவப் படிப்புக்குப் போல அறிவியல் பிரிவு கட்டாயம் என்பது பொதுவாக இங்கு இல்லை. கலைப்பிரிவு மாணவரும் உளவியல் படிக்க வழி உண்டு.

இரண்டாம் படி, பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு. எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அல்லது தனியார் கல்லூரியின் அடிப்படைப் படிப்பு. மெட்ரிகுலேஷன் இடங்களுக்காக நம் சமுதாயம் எத்தனை ஆண்டு கதவைத் தட்டியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டில் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் 90க்கு 10 என்ற பங்கீடு அப்படியே இருந்தது. 2024ஆம் ஆண்டில்தான் 10 ஏ பெற்ற மாணவர்களுக்கு இனவேறுபாடின்றி இடம் உறுதி என்று அறிவிக்கப்பட்டது. பத்து ஏ எடுக்காத பிள்ளைக்கு எஸ்டிபிஎம் இருக்கிறது. கடினம்தான். ஆனால் செலவு குறைவு, மதிப்பு அதிகம். அதைப் பார்த்துப் பயந்து ஓடாதீர்கள்.

மூன்றாம் படி, உளவியல் இளங்கலைப் பட்டம். மூன்று முதல் நான்கு ஆண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், சபா பல்கலைக்கழகம் போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் உண்டு. தனியார் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு எம்கியூஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு லாரி ஓட்டுநர். கல்விக் கண்காட்சியில் ஒரு கல்லூரியின் ஆள், "அண்ணே, மூணே வருசம். உங்க மக சைக்காலஜிஸ்ட்" என்று சொன்னதை நம்பி மகளைச் சேர்த்தார். இரவு ஓட்டம், பகல் ஓட்டம் என்று ஓடினார். பட்டமளிப்பு விழா அன்று கோயிலில் அன்னதானம் கொடுத்து, "எம்புள்ள மனசு டாக்டர்" என்று எல்லாரிடமும் சொன்னார். நானும் சாப்பிட்டேன், வாழ்த்தினேன். அடுத்த மாதம் அந்தப் பெண் மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் உண்மை தெரிந்தது. இளங்கலைப் பட்டம் பெற்றவர் உளவியல் பட்டதாரி. மருத்துவ உளவியலாளர் அல்லர். மனிதவளம், ஆய்வு உதவி, சிறப்புக் கல்வி நிலையம் என்று சில வேலைகளுக்குப் போகலாம். நோயாளிக்குச் சிகிச்சை அளிக்க முடியாது.

அந்தத் தகப்பன் என்னிடம் கேட்டார்: "ஏன்யா, இதைச் சேர்க்கும்போதே ஒருத்தனும் சொல்லலையே?"

யாரும் சொல்ல மாட்டார்கள். விற்கிறவன் தன் சரக்கில் பாதி இல்லை என்று சொல்வானா? நாம்தான் கேட்க வேண்டும். கேட்கத் தெரிய வேண்டும்.

நான்காம் படிதான் உண்மையான படி. மருத்துவ உளவியலில் முதுகலைப் பட்டம். உளவியலில் ஏதோ ஒரு முதுகலை போதாது. மருத்துவ உளவியல் என்ற துறையிலேயே, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய முதுகலை வேண்டும். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், ஹெல்ப் பல்கலைக்கழகம், யூசிஎஸ்ஐ பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எடுப்பது சிறு எண்ணிக்கைதான். ஏனென்றால் ஒவ்வொரு மாணவரையும் ஒரு மூத்த உளவியலாளர் பக்கத்திலிருந்து கண்காணிக்க வேண்டும். நல்ல சராசரிப் புள்ளி வேண்டும். நேர்காணல் உண்டு. தொண்டு அல்லது வேலை அனுபவம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சேர்ந்தபின் இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல். வகுப்பு, ஆய்வேடு, அத்தோடு மருத்துவமனைகளிலும் நிலையங்களிலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் நேரடிப் பயிற்சி.

ஐந்தாம் படி, மன்றத்தில் பதிவு.

எஸ்பிஎம் முடித்த நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய எட்டு ஆண்டு. 17 வயதில் தொடங்கிய பிள்ளைக்கு 25, 26 வயது ஆகிவிடும். மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு இதுதான் முழுக்கணக்கு. இந்தியாவிலோ இந்தோனேசியாவிலோ எம்.ஏ. சைக்காலஜி முடித்துவிட்டு வந்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் மன்றத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

எங்கே வழுக்குகிறது?

நம் பிள்ளைகள் மூன்றாம் படி வரை வருகிறார்கள். நானே பல பேரைப் பார்த்திருக்கிறேன். நான்காம் படியில் நின்றுவிடுகிறார்கள். மூளை போதவில்லை என்பதால் அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே நிற்கும் ஒரு குடும்பத்தில், மூத்த பிள்ளை பட்டம் பெற்றுவிட்டது. வீட்டு வாடகை, தம்பி தங்கையின் பள்ளிச் செலவு, அப்பாவின் நீரிழிவு மருந்து. எல்லாரும் அந்தப் பிள்ளையின் முதல் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறார்கள். முதல் பட்டத்துக்குக் கொடுத்த பிடிபிடிஎன் கடனைத் திருப்பிக் கட்டும் நேரமும் வருகிறது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை அம்மாவிடம் போய், "இன்னும் ரெண்டு வருசம் படிக்கணும்மா. ஆயிரக்கணக்குல கட்டணம். பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. முழுநேரம் போகணும், வேற வேலையும் பார்க்க முடியாது" என்று எப்படிச் சொல்லும்?

சொல்லாது. வங்கியிலோ தொழிற்சாலை அலுவலகத்திலோ வேலைக்குப் போய்விடும். "அப்புறம் படிச்சிக்கலாம்" என்று சொல்லும். அந்த 'அப்புறம்' வருவதேயில்லை. லாரிக்காரர் மகள் இப்போது ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கிறார்.

ஊழியர் சேமநிதியில் பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம் என்பது உண்மை. 2024 மே மாதத்திலிருந்து அந்தப் பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து வருகிறது. ஆனால் குத்தகைத் தொழிலாளிக்கும், தினக்கூலிக்கும், சேமநிதியே கட்டாத முதலாளியிடம் இருபது வருடம் உழைத்தவருக்கும் அந்தக் கணக்கில் என்ன இருக்கும்? இருப்பதையும் எடுத்துவிட்டால் முதுமைக்கு என்ன மிஞ்சும்?

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நான்காம் படி இரண்டு வருடக் காத்திருப்பு. நம் பிள்ளைக்கு அது குடும்பத்தின் வயிறு. தகுதி விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த விதியைத் தாங்கும் தோள் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. இது தனிமனிதத் தோல்வி இல்லை, உரிமைப் பிரச்சினை என்று நான் சொல்வது இதனால்தான்.

தமிழ் பேசுகிறவர் ஏன் வேண்டும்?

சிலர் கேட்பார்கள்: "எல்லாருக்கும் இப்போ மலாய் தெரியுமே, எதுக்குத் தமிழ்?"

அந்தத் தாய்க்கும் மலாய் தெரியும். சந்தை மலாய். மீன் வாங்க அது போதும். பேருந்து கேட்க அது போதும். புருசன் செத்த துக்கத்தைச் சொல்ல அது போதுமா? இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்த நம் இளைஞனே ஆத்திரம் வந்தால் எந்த மொழியில் கத்துகிறான்? அழுகை வந்தால் எந்த மொழியில் அழுகிறான்?

மொழியோடு பண்பாடும் வருகிறது. நம் பெண்கள் "மனச்சோர்வு" என்று சொல்ல மாட்டார்கள். "நெஞ்சை அடைக்குது", "உடம்பெல்லாம் காந்துது", "கை கால் வெலவெலங்குது" என்பார்கள். இருதயத்துக்கும் வயிற்றுக்கும் மாறி மாறிச் சோதனை நடக்கும். "காத்து கருப்பு பட்டிருக்கு" என்று ஒருவர் சொன்னால் அது நம்பிக்கையா, நோயின் அறிகுறியா? ஆடி மாதத்தில் ஒரு பெண் மீது அம்மன் வந்து பேசினால் அது வழிபாடு. அதே பெண் மூன்று வாரமாகத் தூங்காமல், தனக்கு மட்டும் கேட்கும் குரலோடு பேசிக்கொண்டிருந்தால் அது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் வீட்டு வாசலைத் தெரிந்தவர் வேண்டும். தெரியாதவர் வழிபாட்டை நோய் என்பார், அல்லது நோயை வழிபாடு என்று விட்டுவிடுவார். இரண்டுமே ஆபத்து.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். எழுத்துக் கூட்டத் தடுமாறும் எட்டு வயதுப் பிள்ளையை நாம் "மக்கு" என்கிறோம். ரோத்தான் எடுக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம். அதைக் கண்டறிவது உளவியல் சோதனை. வீட்டிலும் பள்ளியிலும் தமிழிலேயே வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொற்சோதனை வைத்தால், சோதனை அளப்பது பிள்ளையின் அறிவையா, ஆங்கிலத்தையா? ஒரு தாளில் விழும் எண் அந்தப் பிள்ளையின் பள்ளி வாழ்க்கையையே மாற்றிவிடும். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் படிக்கும் பிள்ளைகளை அவர்கள் மொழியில் சோதிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும்?

மனநலம் பணக்காரர் வியாதி என்று இன்னும் சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர். 2019ஆம் ஆண்டு ஆய்வில் பெரியவர்களிடையே அது 2.3 விழுக்காடாக இருந்தது. தற்கொலைக் கணக்கில் நம் பங்கு, மக்கள்தொகையில் நம் ஏழு விழுக்காட்டைவிட அதிகமாக இருந்ததை 2009ஆம் ஆண்டின் தேசியத் தற்கொலைப் பதிவேடே காட்டியது. கயிறும் பூச்சி மருந்தும் தோட்டத்து லயங்களில் என்ன செய்தன என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். பதிவேடு பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைச் சிறையில் தள்ளக்கூடிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023ஆம் ஆண்டில் நீக்கினார்கள். இனி அவர் குற்றவாளி இல்லை, உதவி தேவைப்படுகிறவர். நல்லது. ஆனால் அவர் கதவைத் தட்டும்போது உள்ளே அவர் மொழி தெரிந்தவர் இருக்கிறாரா?

என்ன கேட்க வேண்டும்?

தகுதியைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கக் கூடாது. அரைகுறை உளவியலாளர் நமக்கு வேண்டாம். படிகளைக் குறைக்க வேண்டாம், கைப்பிடி வையுங்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

ஒன்று. மருத்துவ உளவியல் முதுகலைக்கு, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக, முழு உபகாரச் சம்பளம் வேண்டும். எந்த இனத்தவரானாலும் சரி. படித்து முடித்தபின் அரசாங்க மருத்துவமனையில் சில ஆண்டு கட்டாயம் வேலை செய்யட்டும். நாடும் பயன் பெறும்.

இரண்டு. மருத்துவமனைப் பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை வேண்டும். பயிற்சி டாக்டருக்குச் சம்பளம் உண்டு. உளவியல் பயிற்சி மாணவர் மட்டும் காற்றைச் சாப்பிட வேண்டுமா?

மூன்று. இந்தியச் சமுதாயத்துக்கென்று மித்ராவுக்கு 2019ஆம் ஆண்டிலிருந்து வரவு செலவுத் திட்டங்களில் 100 மில்லியன் ரிங்கிட் என்று ஒதுக்கி வந்திருக்கிறார்கள். அதிலிருந்து ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளை நான்காம் படியில் தூக்கிவிட முடியாதா? பத்து ஆண்டில் நூறு பேர். விளக்கேற்றி நடத்தும் ஒருநாள் கருத்தரங்குகளைவிட இது நிலைக்கும்.

நான்கு. மனநலப் பிரிவுகளில் தகுந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பெற்றோரின் மரண எண்ணத்தைப் பிள்ளை வாயால் மொழிபெயர்க்க வைக்கும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். இதற்குப் பெரிய பணமே தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

அரசாங்கத்தை மட்டும் கேட்டால் போதுமா? நம்மையும் கேட்டுக்கொள்வோம். குடமுழுக்குக்கு இலட்சக்கணக்கில் திரட்டத் தெரிந்த கோயில் நிர்வாகங்கள், ஒரு பிள்ளையின் இரண்டு வருடப் படிப்புக்குத் திரட்ட முடியாதா? கோபுரம் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்து அழுகிறவளுக்கும் ஏதாவது செய்யுங்கள் என்கிறேன். முன்னாள் மாணவர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், தொழிற்சங்கக் கிளைகள் எல்லாரும் சேர்ந்தால் வட்டாரத்துக்கு ஒருவர் என்று தூக்கிவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகளோ மகனோ "சைக்காலஜி படிக்கிறேன்" என்றால் சிரிக்காதீர்கள். "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று கேட்காதீர்கள். ஆனால் தொடக்கத்திலேயே முழுக்கணக்கையும் போடுங்கள். மூன்று வருடம் இல்லை, எட்டு வருடம். முதல் பட்டத்துக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தைக் குறிவையுங்கள். அங்கே மிச்சமாகும் பணம்தான் முதுகலைக்கு முதல். படிக்கும்போதே தொண்டு அமைப்புகளில் சேரச் சொல்லுங்கள். தமிழை விடாமல் பேசவும் எழுதவும் வையுங்கள். நாளைக்கு அது அந்தப் பிள்ளையின் பலம்.

கல்லூரிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பை மட்டும் முடித்தால் 774ஆம் சட்டத்தின் கீழ் மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய முடியுமா? ஆம் என்றால் எழுதிக் கொடுங்கள்." லாரிக்காரர் அன்று இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அன்னதானத்தைச் சில வருடம் தள்ளிப்போட்டு, சேர்த்து வைத்திருப்பார்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அந்தத் தாய்க்கு இருந்த எண்ணம் இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், உளவியலாளர் உருவாகும் வரை காத்திருக்காதீர்கள். பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. தாலியான் காசே 15999. சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தாய் இன்று பரவாயில்லை. மருந்து எடுக்கிறார். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலைக்குப் போகிறார். மருத்துவமனைக்கு இப்போது என் மனைவிதான் கூடப் போகிறார். பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

போன வாரம் மின்தூக்கியில் அவனைப் பார்த்தேன். "பெருசாகி என்னவாகப் போற?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னைக்கு அம்மாகிட்ட தமிழ்ல பேச டாக்டர் இல்லல்ல, அங்கிள்? அந்த டாக்டர்" என்றான்.

அவனுக்கு முன்னால் ஐந்து படிகள் இருக்கின்றன. முதல் மூன்றை அவன் ஏறிவிடுவான். எனக்கு அதில் சந்தேகமில்லை. நான்காவது படியில் அவன் நிற்கும்போது கை கொடுக்க யார் இருக்கப் போகிறோம்?

சிந்திப்போம். இப்போதே சேர்க்கத் தொடங்குவோம்.